பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தபோது இன்னும் உறுத்துகிற ஒரு நாள்

சிலேட்டுக்குச்சி:
புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, முடிவில் ஒரு தேர்வு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வகுப்பில் பாதிப் பேர் நூறு நாள் வேலை முடித்து வருகிறவர்கள். அதில் ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும், எல்லோருக்கும் முன்னால் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ‘முருகன்’ என்ற சொல் வந்தால் மட்டும் நின்றுவிடுவார். மு, ரு, க, ன் என்று தனித்தனியாகக் கேட்டால் சரியாகச் சொல்வார். சேர்த்துப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார். மூன்று நாள் விடாமல் கேட்டேன். மூன்றாம் நாள் எல்லார் முன்னாலும், “நாலே எழுத்து, இதைக்கூடப் படிக்க முடியலையா அக்கா?” என்றேன்.

பக்கத்தில் இருந்த பாட்டிதான் சொன்னார். “அவ எப்படிச் சொல்லுவா பாப்பா, அது அவ வூட்டுக்காரன் பேராச்சே.”

அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. சிலேட்டை எடுத்து ‘முருகன்’ என்று முழுதாக எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் வகுப்பில் எல்லாரும் எச்சில் தொட்டுத்தான் சிலேட்டை அழிப்பார்கள். அவர் எழுந்துபோய்க் குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துவந்து அந்தப் பெயரை அழித்தார்.

என் அம்மாச்சியும் தாத்தா பெயரைச் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் என்னைச் சொல்லச் சொல்வார். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

பின்னலாடை:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதி. வடக்கிலிருந்து வந்த பெண்களுக்கு ஞாயிறுதோறும் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில்தான் விளக்கம் எல்லாம். ஒரு பெண் மட்டும் வாயே திறக்கவில்லை. ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று என் நோட்டில் குறித்துவைத்தேன்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, ‘அ’ எழுதிப் பழகக் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் வட்டமும் வளைவுமாக ஏதோ இருந்தது. கோலம் போடுகிறாள் போல என்று நினைத்தேன். கேட்டால், தன் பெயர் என்கிறாள். ஒடிசாவில் மயூர்பஞ்ச் பக்கம், சந்தாலி பேசுகிற குடும்பம். அவள் எழுதியிருந்தது ஓல் சிக்கி. 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய எழுத்து, மொத்தம் 30. சந்தாலி 2003லேயே அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்த மொழி என்பதையெல்லாம் அப்புறம்தான் தேடிப் படித்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒடியாவும் எழுத வரும். தெரியாதது இந்திதான்.

யாராவது நம்மிடம் வந்து, இந்தி தெரியாதா என்று கேட்டால் நமக்குச் சுருக்கென்கிறது. அதையே நான் வாராவாரம் அவளுக்குச் செய்துகொண்டிருந்தேன். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்த கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.

நேர்கோடு:
சிலேட்டுக்குச்சி அக்கா, நீங்கள் வருத்தப்பட ஒன்றுமே இல்லை. கணவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதைப் பண்பாடு என்று ஏற்றுக்கொண்டால் எழுத்தறிவு வகுப்பு எதற்கு? நான் வங்கியில் நின்றபோது ஒரு அம்மா கணவர் பெயரைச் சொல்ல முடியாமல் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். பாஸ்புக்கைப் பார்த்து நான் படித்துச் சொன்னேன். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

என் யோசனை இது. முதல் நாளே எல்லாருடைய பெயரையும், வீட்டில் இருப்பவர்கள் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாரம் பாடநூலைத் திறக்காதீர்கள், ரேஷன் கார்டையும் வேலை அட்டையையும் வைத்துத் தொடங்குங்கள். பெரியவர்களைப் பலகைக்கு அழைத்துத் தனியாக எழுதவைக்காதீர்கள், இரண்டு பேராக உட்காரவையுங்கள். நடவு, அறுப்பு நாட்களில் வகுப்பு நேரத்தை அவர்களே முடிவு செய்யட்டும். வராதவர் வீட்டுக்குப் போனால் திண்ணையில் உட்காருங்கள், நாற்காலி கேட்காதீர்கள், கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். கணக்கு சொல்லிக்கொடுக்கும் முன் அவர்கள் மனக்கணக்கு போடுவதைக் கேளுங்கள். வட்டிக்கணக்கு நம்மைவிட வேகமாகப் போடுவார்கள். தவறாகப் படித்தால் உடனே திருத்தாதீர்கள். ஆனால் இந்த மாதிரிப் பழக்கங்களுக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெயரைச் சத்தமாகச் சொல்லவைப்பதும் கல்விதான்.

வெள்ளாறு:
நேர்கோடு தம்பி, நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் சரி. சத்தமாகச் சொல்லவைப்பதை அந்த அம்மா கேட்டாரா? எதை எப்போது உடைப்பது என்பது அவர் கையில் அல்லவா இருக்க வேண்டும்? நாம் உடைக்க வேண்டியது வேறு இருக்கிறது. அதை நான் உடைக்காமல் விட்ட கதையைச் சொல்கிறேன்.

1991, புதுக்கோட்டை, எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அந்த இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகியதைப் பற்றி எல்லாரும் பேசுவீர்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள்கூட சைக்கிளில் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு அரிக்கேன் விளக்கு.

எங்கள் ஊரில் வகுப்பை அம்மன் கோயில் மண்டபத்தில் வைத்தேன். ஊருக்கு நடு, மழைக்கும் பயமில்லை. காலனிப் பெண்கள் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. ‘ஆர்வமில்லை’ என்று பதிவேட்டில் எழுதினேன், என் கையெழுத்தில். ஒரு நாள் பாடம் முடித்து விளக்கைத் தூக்கினேன். வெளிச்சம் வேப்பமரத்தடி வரை போனது. அங்கே ஒரு பெண் சிலேட்டோடு நின்றிருந்தார். அதில் அன்றைய பாடம் இருந்தது. மண்டபத்துக்குள் நான் சத்தமாகச் சொன்னதைக் கேட்டே எழுதியிருக்கிறார். எத்தனை நாளாக நின்றார் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

நான் ஊர்த்தெருக்காரன். அந்த மண்டபத்துக்குள் யார் கால் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நினைத்துப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை, அவ்வளவுதான். மறுவாரம் காலனி தெருவிளக்கடியில் வகுப்பு வைத்தேன். ஊர்த்தெருவிலிருந்து நாலு பெண்கள் மட்டும் அங்கே வந்தார்கள். அந்த நாலு பேரையும் மறக்க மாட்டேன்.

வன்னிக்காற்று:
நான் கனடாவில், ஸ்காபரோவில் புதிதாக வந்த ஆட்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன், லிங்க் வகுப்பு. பல நாட்டு ஆட்கள் இருப்பார்கள். ஆரம்ப நிலையில் ‘குடும்பம்’ என்றொரு பாடம். ஒரு மரம் வரைந்து பெயர்களை எழுதி, எழும்பி நின்று சொல்ல வேண்டும். பின்னலாடை போல வேற்று மொழிக்காரரிடம் தவறியிருந்தால் மனம் ஆறியிருக்கும். என் வகுப்பில் இருந்தவ முல்லைத்தீவு அம்மா. நானும் வன்னிதான், ஆனால் 2009க்கு முதலே வந்துவிட்டேன்.

அவ மரத்தை வடிவாக வரைந்து ஏழு பெயர் எழுதியிருந்தா. எழும்பினா. “மை சன்” என்று சொல்லிப்போட்டு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டா: “பிள்ளை, இருக்கிறார் எண்டு சொல்லுறதோ, இருந்தவர் எண்டு சொல்லுறதோ? எனக்குத் தெரியாது.”

இலக்கணக் கேள்வி என்று நினைத்து வாயெடுத்துவிட்டேன். பாதியில்தான் விளங்கியது. மகனை அவ இன்னும் தேடுறா. பக்கத்தில் இருந்த சிரியாக்காரப் பெண்ணுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, அவதான் முதலில் அந்த அம்மாவின் கையைப் பிடித்தா. இப்போது அந்தப் பாடத்துக்கு, யாரைப் பற்றிச் சொல்ல விருப்பமோ அவரைப் பற்றிச் சொல்லுங்கோ, பக்கத்து வீட்டுக்காரர் எண்டாலும் பரவாயில்லை என்று விடுகிறேன்.

சிலேட்டுக்குச்சி:
எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். வெள்ளாறு ஐயா, அந்த வேப்பமரம் என் கண்ணிலேயே நிற்கிறது.

நேர்கோடு தம்பிக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தேர்வு அன்று விவரங்களை எல்லாரும் அவரவர் கையால் எழுதினார்கள். சரிபார்க்க வந்தவர், “கணவர் பேர் என்னம்மா?” என்று கேட்டார். நான் சொல்லிவிடலாம் என்று ஒரு அடி முன்னால் போனேன். அதற்குள் அந்த அக்கா தாளைத் தூக்கி, பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, “படிச்சுக்கோ சார்” என்றார்.