நனைந்துபோன பாடநூல்களுக்குப் பதில் பள்ளியே கடையில் வாங்கலாமா?

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர்.

போன அடைமழையில் கூரை ஒழுகி, ஏழு பிள்ளைகளின் இரண்டாம் பருவப் புத்தகங்கள் கூழாகிவிட்டன. மாற்றுப் புத்தகம் கேட்டு எழுதிக் கொடுத்தோம். ‘இருப்பு வந்ததும் தருகிறோம்’ என்கிறார்கள். பருவமே முடியப் போகிறது.

பாடநூல் கழகம் அச்சிட்டு விலையில்லாமல் தருவது நல்லதுதான். ஆனால் ஏழு செட்டுக்கு இவ்வளவு காத்திருப்பா? தனியார் பள்ளிகள் காசு கொடுத்து வாங்கும் அதே புத்தகம் மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ கிடைத்தால் நாங்களும் வாங்கிவிடலாமே. கழகத்தின் தளத்தில் பிடிஎஃப் இருக்கிறது, சரி. கறுப்பு வெள்ளை நகலில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

குழுவில் தீர்மானம் போட்டு, பள்ளி மானியத்தில் உள்ளூரில் பாடநூல் வாங்கியவர்கள் யாராவது உண்டா? தணிக்கையில் ஆட்சேபம் வந்ததா? தலைமையாசிரியை அதற்குத்தான் தயங்குகிறார். தீர்மான மாதிரி இருந்தால் போடுங்கள். அப்புறம், வீட்டில் பழைய இரண்டாம் பருவப் புத்தகம் கிடந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.