டிரெய்லர் இழுக்க எந்த எஞ்சினை நம்பலாம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டென்வரிலிருந்து

நண்பர்களே, எங்கள் டிராவல் டிரெய்லரை (டிரக்கின் பின்னால் மாட்டி இழுக்கும் சுற்றுலா வீடு) மாற்றப்போகிறோம். இப்போது இருப்பது 26 அடி, சாமான் எல்லாம் ஏற்றினால் 7,500 பவுண்டு. அடுத்தது 9,000 பவுண்டைத் தொடும். அப்படியென்றால் டிரக்கையும் மாற்றியே ஆக வேண்டும். டீலரிடம் போனால் குதிரைத்திறன் இவ்வளவு, டார்க் (சுழற்று விசை) இவ்வளவு என்று ஒப்பிக்கிறார்கள். டிரெய்லரை மாட்டி மலை ஏறியவர்கள் சொல்வதுதான் எனக்கு வேண்டும். என்ன எஞ்சின், எவ்வளவு எடை, எந்தச் சாலை, என்ன செலவு வைத்தது என்று எழுதுங்கள்.

முதலில் என் அனுபவம். என்னிடம் இருப்பது இரட்டை டர்போ வி6 போட்ட, அரை டன் என்று சொல்லும் சின்ன வகை பிக்கப் டிரக். நாங்கள் அடிக்கடி போவது ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே, ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வழியாக. டென்வர் 5,280 அடி உயரம், சுரங்கப்பாதை 11,158 அடி. ஜார்ஜ்டவுன் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்துவிடும்.

டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். கடல் மட்டத்தில் 400 குதிரைத்திறன் காட்டும் வி8, சுரங்க வாசலில் 270 பக்கம்தான் தரும். 6 சதவீத ஏற்றத்தில் டிரக்கும் டிரெய்லருமாக 13,500 பவுண்டை மணிக்கு 50 மைலில் இழுக்க, காற்றின் எதிர்ப்பு, டயர், கியர்பாக்ஸ் இழப்பு எல்லாம் சேர்த்தால் 200 குதிரைத்திறன் பக்கம் வேண்டும். வி8 அதைத் தந்துவிடும், ஆனால் நிமிடத்துக்கு 4,500 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டே தரும். டர்போ மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே அனுப்பிவிடுவதால் என் வண்டி 3,000 சுற்றிலேயே ஏறிவிடுகிறது. பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டே வருவார்கள்.

கஷ்டம் இறக்கத்தில்தான். சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தார்ன் போகும் பாதை 7 சதவீத இறக்கம். பிரேக் போன லாரிகள் ஒதுங்குவதற்கென்றே மணல் பாதை போட்டிருக்கிறார்கள். சின்ன எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும் எடையைப் பிடித்து நிறுத்தாது. கியரை இறக்கினாலும் வேகம் கூடிக்கொண்டே போகும். டிரெய்லர் பிரேக்கைச் சரியாக அமைத்து, விட்டு விட்டு மிதித்தால்தான் பிரேக் கருகும் வாடை வராமல் கீழே இறங்க முடிகிறது. 9,000 பவுண்டை இதில் இழுக்க மனம் ஒப்பவில்லை.

ஹூஸ்டனிலிருந்து

எங்கள் ஊரில் மலையே கிடையாது அண்ணா, வெயில் மட்டும்தான். கால்வெஸ்டன், சான் அன்டோனியோ, எப்போதாவது பிக் பெண்ட். 6,000 பவுண்டு டிரெய்லர், அரை டன் டிரக். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் இது பல நிறுவனங்களின் வண்டிகளிலும் வரும் பிரச்சினை.

என் வி8, பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஓடும்போதே சில சிலிண்டர்களை அணைத்துவிடும் வகை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதற்காக வால்வைத் தள்ளும் லிஃப்டருக்குள்ளே குட்டியாக ஒரு பூட்டு முள் வைத்திருக்கிறார்கள். ஆயில் அழுத்தம் வந்தால் முள் விலகும், லிஃப்டர் மடங்கும், வால்வு திறக்காது, அந்தச் சிலிண்டர் ஓய்வெடுக்கும். முள் சிக்கிக்கொண்டால்தான் வினை.

எனக்கு ஒருநாள் காலை எஞ்சினைப் போட்டதும் டிக் டிக் என்று ஒரு சத்தம். சூடானதும் நின்றுவிட்டது. ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று டீலரிடம் சொன்னார்கள், அளந்து பார்த்தால் சரியாகவே இருந்தது. சில வாரங்களில் சத்தம் சூடான பிறகும் கேட்டது, எஞ்சின் லைட்டும் வந்தது. வேறொரு மெக்கானிக் கழற்றிக் காட்டினார். லிஃப்டரின் அடியில் இருக்கும் உருளை சுழலாமல் நின்று, கேம் ஷாஃப்டின் மேட்டை உளி வைத்துச் செதுக்கியது மாதிரி தேய்த்திருந்தது. புஷ்ராடு ஒன்று வளைந்து கிடந்தது. கேம் ஷாஃப்ட், பதினாறு லிஃப்டர், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்துப் பெரிய பில்.

அதிலிருந்து எனக்கு ஒரே விதி: டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சிலிண்டர் அணைக்கும் வேலையே வேண்டாம். சுமையோடு போகும்போது எட்டுச் சிலிண்டரும் வேலை செய்யத்தான் போகிறது. மிச்சமாவது வெறும் வண்டியாக ஓட்டும்போது கொஞ்சம் பெட்ரோல். அடுத்த பெரிய வகையான முக்கால் டன் டிரக்கில் ஃபோர்டின் 7.3 லிட்டரும் ஜிஎம்மின் 6.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் 2020 மாடலில் வந்தன, இரண்டிலும் அந்த வேலை இல்லை. நான் அடுத்து அந்தப் பக்கம்தான்.

ஃபீனிக்ஸிலிருந்து

டீசல்காரன் பேசுகிறேன். ராம் 2500, 6.7 லிட்டர் கம்மின்ஸ், 10,000 பவுண்டு டிரெய்லர். ஃபீனிக்ஸ் 1,100 அடி, ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி. ஐ-17-ல் சன்செட் பாயின்ட் ஏறும்போது ஏசியை அணையுங்கள் என்று அரசாங்கமே பலகை வைத்திருக்கிறது. ஜூலை மாதம் அந்த ஏற்றத்தில் ஓரமாக பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். கம்மின்ஸ் 2,000 சுற்றுப் பக்கத்திலேயே, ஏசி ஓட, சலனமில்லாமல் ஏறும்.

டென்வர் நண்பர் இறக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். அவர் கவனிக்க வேண்டியது டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக். பட்டனை அழுத்தினால் டர்போ புகை வெளியேறும் வழியைக் குறுக்கும், எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து திரும்பும் நீண்ட இறக்கங்களில் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டே பெரும்பகுதி இறங்கியிருக்கிறேன். டீசலுக்கு நான் கொடுத்த அதிகப் பணம் முழுக்க இதற்காகவே என்றாலும் சம்மதம்தான்.

ஆனால் அலுவலகத்துக்கு நாலு மைல், கடைக்கு ரெண்டு மைல், வருஷத்துக்கு ஒருமுறை டிரெய்லர் என்று இருப்பவர்கள் தயவுசெய்து டீசல் வாங்காதீர்கள். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடும் நீண்ட ஓட்டமும் வேண்டும். குட்டி ஓட்டமாகவே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சென்சார், புகையைச் சுத்தம் செய்யும் யூரியாத் திரவம், அதன் ஹீட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

பழைய டீசல் வாங்குபவர்கள் உயர் அழுத்த எரிபொருள் பம்ப் எது என்று கேளுங்கள். சிபி4 என்ற பம்ப்புக்கு டீசலேதான் மசகு. அமெரிக்க டீசலின் வழவழப்புக் குறைவு. பம்ப் உள்ளே தேய்ந்து உடைந்தால் இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போய்விடும், மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டும். 2019, 2020 ராம் டீசல்களில் அது இருந்தது. 2021 இறுதியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து, பழைய சிபி3 வகைக்கே மாற்றினார்கள். ஜிஎம் டுராமேக்ஸில் 2011 முதல் 2016 வரை சிபி4, 2017-லிருந்து டென்சோ பம்ப். வாங்கும் வண்டிக்கு அந்த மாற்றம் நடந்ததா என்பதற்குக் காகிதம் கேளுங்கள்.

சான் ஹோசேயிலிருந்து

எஞ்சினைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் எழுத வருவது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரைப் பற்றி. ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். அதுதான் பேலோட்.

நாங்கள் ஓர் அரை டன் டிரக் பார்த்தோம். 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம். எங்கள் டிரெய்லர் 7,000தான். அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள், தாஹோ ஏரிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். டீலரின் வளாகத்திலேயே நின்று போனில் கணக்குப் போட்டேன். ஸ்டிக்கரில் 1,460. டிரெய்லரின் மூக்கு, டிரக்கின் பின்னால் அதை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சின் மேல் உட்காரும் எடை, மொத்தத்தில் 13 சதவீதம் என்று வைத்தால் 910. எடையைப் பரப்பும் ஹிட்ச் மட்டும் 90. மிச்சம் 460. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து 710. குக்கர், அரிசி, அப்பாவின் மடக்கு நாற்காலி எதையும் இன்னும் ஏற்றவே இல்லை.

விற்பவர் “எஞ்சின் தாராளமாக இழுக்கும் மேடம்” என்றார். எஞ்சின் இழுக்கும், சரி. பின் அச்சும் ஸ்பிரிங்கும் டயரும் தாங்க வேண்டுமே. பெற்றவர்களைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு தாஹோ போகும் வழியில் டோனர் மலைக் கணவாயில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பெட்ரோல் எஞ்சின் போட்ட முக்கால் டன் டிரக் வாங்கினோம். அதன் பேலோட் 3,000க்கு மேல். அதே டிரக்கில் டீசல் எடுத்திருந்தால் எஞ்சினின் எடையே பல நூறு பவுண்டைச் சாப்பிட்டிருக்கும். ஃபீனிக்ஸ் அண்ணா சொன்ன எக்ஸாஸ்ட் பிரேக் இல்லையே என்ற குறை உண்டுதான். டிரெய்லர் இழுப்பதற்கென்று இருக்கும் டோ-ஹால் பட்டனை அழுத்தினால் பெரிய வி8 ஓரளவு பிடிக்கிறது, எங்களுக்கு அது போதுகிறது.

கிளம்புவதற்கு முன் லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) என்ற பெயர்கொண்ட எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றும் தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள்.

மிச்சிகனிலிருந்து

டிரைவ்லைன், அதாவது எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்கள், அந்த வேலையில் இருப்பவன், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். சான் ஹோசே சகோதரி சொன்னதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

விளம்பரத்தில் வரும் இழுவை எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு விதிமுறை. அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்கு மேலே டேவிஸ் அணை ஏற்றம், 11.4 மைல். வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட், ஏசி முழு வேகத்தில், சொன்ன எடையோடு ஏற வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் இல்லாத டிரக் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது. கடுமையான சோதனை. ஆனால் அந்த எண்ணுக்கான கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சூடு தாங்கும் என்பதற்கு அது சாட்சி. உங்கள் குடும்பத்தோடு தாங்குமா என்பதற்கு ஸ்டிக்கர்தான் சாட்சி.

டிராவல் டிரெய்லருக்கென்று இன்னொரு விஷயம். அது எட்டடி அகலச் சுவர். எடையைவிடக் காற்றுதான் சமவெளியில் எஞ்சினைத் தின்னும். காற்றை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் முப்படியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 60 மைலிலிருந்து 70க்குப் போனால் அந்தச் சக்தி கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடும். நாள் முழுக்க 70-ல் இழுக்கும் எஞ்சினும் 62-ல் இழுக்கும் எஞ்சினும் ஒரே வயதில் கெடாது.

குறையே இல்லாத எஞ்சின் என்று யாரும் தேட வேண்டாம். டொயோட்டா 2024-ல் சுமார் 1 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. டண்ட்ராவின் டர்போ வி6-ல் தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துணுக்கு பேரிங்கைக் கெடுக்கலாம் என்று. ஜிஎம் 2025-ல் 6.2 லிட்டர் வி8 போட்ட 6 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வண்டிகளை அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு கோளாறு. சோதனையில் தேறிய எஞ்சினுக்கு 0டபிள்யூ-20க்குப் பதில் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில் ஊற்றச் சொன்னார்கள். ஹூஸ்டன் தம்பி சொன்ன 7.3 லிட்டரிலும் லிஃப்டர் புகார் அங்கங்கே உண்டு. ஆனாலும் இரும்பு பிளாக், பிளாக்குக்குள்ளேயே கேம் ஷாஃப்ட், போர்ட் இன்ஜெக்‌ஷன், டர்போ கிடையாது. கெட்டாலும் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கலாம். விடுமுறையில் நடுவழியில் நின்றால் அதன் அருமை தெரியும்.

எதை வாங்கினாலும் வண்டியின் அடையாள எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டு நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லர் இழுப்பவர்கள் ஆயில் மாற்றும் நாளை வண்டியின் திரை முடிவு செய்ய விட வேண்டாம், மேனுவலில் கடும் உபயோகம் என்ற பத்தியைப் பின்பற்றுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் அதேதான். பலர் எஞ்சினை மட்டும் பார்த்துக்கொண்டு அதை மறந்துவிடுகிறார்கள்.

டென்வரிலிருந்து

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வருஷத்தில் பாதி நாள் வண்டி சும்மாதான் நிற்கும், அதனால் டீசல் வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மனதில் இருப்பது ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் 430 குதிரைத்திறனில் 290 பக்கம் மிஞ்சும். மிச்சிகன் அண்ணா, பின் அச்சின் கியர் விகிதம் 3.55 எடுப்பதா, 4.30 எடுப்பதா? பக்கத்து ஊரில் 3.55 போட்ட பழைய வண்டி ஒன்றும் விலைக்கு இருக்கிறது.

மிச்சிகனிலிருந்து

ஐ-70 உங்கள் வழக்கமான பாதை என்றால் 4.30. பத்துக் கியர் இருப்பதால் சமவெளியில் பெரிதாக நஷ்டம் தெரியாது, இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் கூடும். அந்தப் பழைய வண்டியைப் பார்க்கப் போனால் ஓடிய மைலோடு எஞ்சின் மணிநேரத்தையும் திரையில் எடுத்துப் பாருங்கள். மைல் குறைவாக, நின்றபடி ஓடிய மணிநேரம் அதிகமாக இருந்தால் அது வேலைத்தளத்தில் நின்ற வண்டி. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். அவர்கள் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஹூஸ்டன் தம்பி கேட்ட அந்த டிக் சத்தம் ஆறிய எஞ்சினில்தான் முதலில் கேட்கும்.