விக்கிப்பீடியா இருண்ட நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

2012 ஜனவரி 18, காணும் பொங்கலுக்கு மறுநாள். அப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பத்தரை மணிக்கு மேல் ஒரு பாலிடெக்னிக் மாணவன், "அண்ணா, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்று கூப்பிட்டான். கட்டுரை ஒரு கணம் தெரிகிறது. முதல் வரியைப் படிப்பதற்குள் கறுப்புத் திரை விழுந்து மூடிவிடுகிறது. வைரஸ் என்று நினைத்து வேறு கணினியில் உட்கார வைத்தேன். அங்கேயும் அதே கறுப்பு.

அறிவிப்பைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் சோபா, பிபா என்று இரண்டு மசோதாக்கள். திருட்டுப் படத்தையும் பாட்டையும் ஒழிக்கிறோம் என்று சொல்லி, வெளிநாட்டுத் தளங்களை அமெரிக்காவில் யாரும் திறக்க முடியாதபடி மறைக்கவும், அவற்றுக்குப் பணம் போகும் வழியை அடைக்கவும் இடம் கொடுத்தவை. அதை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் தன்னையே மூடிக்கொண்டது. மக்கள் எதிர்ப்பு அவ்வளவு பலமாக இருந்ததால் 20ஆம் தேதியே இரண்டையும் ஒத்திவைத்தார்கள்.

அவனைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் திருப்பிவிட்டேன். அது திறந்தது. கால் பக்கக் கட்டுரைதான். ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். போகும்போது, "அங்கே போடுகிற சட்டத்துக்கு நமக்கு ஏன் அண்ணா மூட வேண்டும்?" என்று கேட்டான். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

திருப்பூரிலிருந்து:

அந்தத் தம்பிக்கான பதில் நான்கே மாதத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது அண்ணா. பனியன் துணியில் பிரிண்டிங் செய்கிறவர்கள் நாங்கள். புது டிசைன் மெஷினில் ஓடுவதை வீடியோ எடுத்து விமியோ என்ற வீடியோ தளத்தில் ஏற்றி, வெளிநாட்டு பையருக்கு முகவரியை அனுப்புவோம். மே மாதம் ஒரு காலை, நீதிமன்ற உத்தரவுப்படி இத்தளம் தடுக்கப்பட்டுள்ளது என்று ஒற்றை வரி. ஒரு தமிழ்ப் படம் திருட்டுத்தனமாகப் பரவாமலிருக்கப் பெற்ற தடையாணை அது. பெயர் தெரியாத யார்மீதும் பாயக்கூடியது. எங்கள் இணைய நிறுவனம் அதைக் காட்டித் தளம் முழுவதையும் அடைத்துவிட்டது. அந்தப் படத்துக்கும் எங்கள் துணிக்கும் என்ன சம்பந்தம்? நாள் முழுக்கப் போன் செய்தோம். பதில் சொல்ல ஆளில்லை. கடைசியில் வீடியோவை சிடியில் எழுதி கூரியரில் அனுப்பினோம். குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் தெளிவுபடுத்திய பிறகே எங்களுக்குத் திறந்தது.

தாராபுரத்திலிருந்து:

நான் மறுபக்கத்து வீட்டுப் பிள்ளை. அப்பா தியேட்டர் ஆபரேட்டர். படம் வந்த மூன்றாம் நாளே சந்தையில் திருட்டு விசிடி கிடைக்கும். மேட்னிக்கு வந்த தலைகளை அறையின் துவாரம் வழியாக அப்பா எண்ணுவார், பதினொன்று, பன்னிரண்டு. 2004இல் திருட்டு விசிடிக்காரர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தபோது எங்கள் வீட்டில் நிம்மதியாக இருந்தது. ஆனால் அது விற்றவனைப் பிடித்தது. தக்காளிக் கூடையோடு வந்தவளை வெளியே நிறுத்திச் சந்தையைப் பூட்டவில்லை.

மேலே இருப்பதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "பனியன்காரர் அனுப்பிய சிடி போய்ச் சேர்ந்ததா என்று கேள்" என்கிறார்.

திருப்பூரிலிருந்து:

சேர்ந்தது என்று ஐயாவிடம் சொல்லுங்கள். ஆர்டர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டது.