துணையை இழந்த இளம்பூனை: உறுப்பினர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த மீனாட்சி என்ற பெட்டைப் பூனை, கடந்த ஆடி மாதம் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்துபோனது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் தெருவிலிருந்து வந்து சேர்ந்த முத்து என்ற கடுவன் குட்டியை அதுதான் நக்கி, அடக்கி, தன் வயிற்றோடு அணைத்து வளர்த்தது. ஒரு வயதைத் தாண்டியிருந்த முத்து, அது இல்லாத வீட்டில் எப்படி நடந்துகொண்டது, நாங்கள் என்ன செய்தோம் என்பதை இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முத்து தேடியது. பீரோவின் மேல், பரணில், துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் என்று மீனாட்சி படுக்கும் இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்வந்தது. மீனாட்சியின் பழைய பருத்திப் புடவைத் துண்டில் மூக்கைப் புதைத்து, வாயைச் சற்றே திறந்தபடி வெகுநேரம் முகர்ந்துவிட்டு, நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தத் துணியை உடனே துவைத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்யவில்லை. ஒன்றாக வாழும் பூனைகள் கன்னத்தை உரசியும் ஒன்றையொன்று நக்கியும் தங்கள் வாசனையைக் கலந்துகொள்கின்றன. அந்த வாசனையைக் கொண்டே தம்மைச் சேர்ந்தது எது என்று அறிகின்றன. துணை போன அன்றே அதன் வாசனையையும் வீட்டைவிட்டு அகற்றுவது கொடுமை என்று எனக்குப் பட்டது. துணி கிடந்தது, வாசனை தானாகவே மங்கியது, முத்து அதனிடம் போவதும் மெல்ல மெல்லக் குறைந்தது.

பூனை துக்கப்படுகிறது என்பது நம் மனத்தின் கற்பனையோ என்ற ஐயம் பலருக்கு இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஓக்லண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பற்றி 2024ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் இருந்த இன்னொரு பிராணியை இழந்த 450 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டபோது, அவை தூங்குவதும் உண்பதும் விளையாடுவதும் குறைந்ததாகவும், ஒளிந்துகொள்வதும் இறந்த துணையைத் தேடுவதுபோல் நடந்துகொள்வதும் கூடியதாகவும் தெரியவந்தது. வளர்ப்பவரின் சொந்தத் துயரமே அவர் பூனையிடம் காண்பதற்கு நிறம் பூசியிருக்கக்கூடும் என்றும் அதே ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். நானும் அழுதுகொண்டிருந்த நாட்கள் அவை என்பதால், என் கண்ணை நம்புவதைவிடச் சமையலறைத் தராசை நம்புவது மேல் என்று முடிவு செய்து, முத்துவுக்கு வைக்கும் தீனியையும் மிச்சத்தையும் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தேன்.

ஏனென்றால் பூனை பட்டினி கிடக்கக் கூடாது. மனிதரைப்போலவோ நாயைப்போலவோ அது பல நாட்கள் தாங்குவதில்லை. உணவு நின்றுபோனால் உடல் தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாமல் கொழுப்பு அங்கேயே தேங்கி, மஞ்சள் காமாலை வரை கொண்டுபோய்விடுகிறது. பருமனான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வளர்ந்த பூனை ஒரு நாள் முழுவதும் எதையும் தொடவில்லை என்றால் மறுநாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டியென்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. முத்து வழக்கத்தில் பாதிக்கும் குறைவாக உண்டபோது, உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த மத்தி மீனை முள் நீக்கி, அதன் உடல் சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக்கி வைத்தேன். சூட்டில் வாசனை எழும். வாசனை எழுந்தால்தான் பூனைக்குப் பசி எழும். வைத்துவிட்டு நகர்ந்துவிடாமல் பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன். ஆள் இருந்தால் அது கூடுதலாக நாலு வாய் உண்டது.

இனி எழுதப்போவதை ஆண்பூனை வளர்ப்பவர்கள் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஒரு மாலை முத்து மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி முக்கி உட்கார்ந்து, சில துளிகள் மட்டும் விட்டு, அடிப்பகுதியை நக்கிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள்ளேயே வளரும் இளம்பூனைகளுக்கு மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சி வருவதுண்டு. ஆண்பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது என்பதால், அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். ‘துணை போன ஏக்கம், நாலு நாளில் சரியாகும்’ என்று வீட்டில் பெரியவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். இருந்தாலும் அன்றிரவே கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அடைப்பு இல்லை, அழற்சி மட்டும்தான் என்று மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லி, வலிக்கு மருந்து கொடுத்து, உலர் தீனியைக் குறைத்துக் குழம்புத் தீனியைக் கூட்டவும், தண்ணீர்க் கிண்ணங்களை வீட்டின் பல இடங்களில் வைக்கவும் சொன்னார். நாமாக மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. குறிப்பாகப் பாரசிட்டமால், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

இப்போது முத்து நன்றாக உண்கிறது. மீனாட்சியோடு ஓடிப்பிடித்து விளையாடிய அந்தி நேரத்தில்தான் அதற்குத் தவிப்பு அதிகமாக இருந்தது என்பதால், அந்த நேரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, கோலில் கட்டிய இறகை ஆட்டி மூச்சிரைக்க ஓடவிட்டு, அது முடிந்த கையோடு உணவு வைக்கிறோம். கடித்து மல்லுக்கட்ட ஆள் இல்லாத இளம்பூனை நம் கையைத் தேடும்; கையை விளையாட்டுப் பொருளாக்கிவிட்டால் பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம். இன்னொரு பூனை கொண்டுவரலாமா என்பதில் மட்டும் இன்னும் தெளிவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. எங்களிடம் இருந்தவை ஓர் ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டைக் குட்டிகள். ஏழு மாதம் ஆனபோது ஒன்று தெருவில் வண்டியில் அடிபட்டு இறந்தது. கொல்லையில் முருங்கைக்கு அருகே புதைக்கும் முன் உடலை மற்ற குட்டியான சிட்டுவின் அருகில் வைத்தோம். சிட்டு அந்த உடலின் காதருகே ஒரு முறை முகர்ந்துவிட்டு விலகிப்போனது. அதற்கு என்ன விளங்கியது என்று சொல்ல நான் யார்? ஆனாலும் காட்டியதில் எனக்கு நிறைவு.

அதன் பிறகு இரவெல்லாம் அழுதது. தொடக்கத்தில் அது தேடும் அழுகைதான். அறை அறையாகப் போய்க் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று நின்று கேட்கும். சில நாட்கள் கழித்து அந்தக் குரல் மாறி, அடிவயிற்றிலிருந்து நீண்டு எழுந்தது. கூடவே தரையில் புரள்வதும், பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு முன்கால்களால் ஊர்வதும், வருவோர் போவோர் காலிலெல்லாம் உரசுவதுமாக இருந்தது. உணவும் குறைந்தது. அக்கம்பக்கத்தார் உடன்பிறப்பை நினைத்து உருகுகிறது என்று கண்ணீர் விட்டார்கள். மருத்துவர் பார்த்ததும் சினைப்பருவம் என்றார். பெட்டைப் பூனைக்கு ஆறு மாதத்தை ஒட்டியே அது தொடங்கிவிடும். பகல்பொழுதின் நீளம் பெரிதாக மாறாத நம் ஊரில் ஆண்டின் எந்த மாதத்திலும் வரலாம். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் திரும்பவும் வரும். அது தணிந்ததும் கருத்தடை அறுவை செய்தோம். இரவு ஓலம் அதோடு நின்றது. எஞ்சியிருந்த ஏக்கம் ஓசையில்லாதது. அதற்கு உணவு நேரத்தை மாற்றாமல் வைத்திருந்ததும், திண்ணையில் என் மாமியார் பக்கத்தில் அமர இடம் கொடுத்ததுமே போதுமாக இருந்தன.

கோயம்புத்தூரிலிருந்து:

புதுப் பூனை பற்றிய கேள்விக்கு, முதலில் இறந்தது எதனால் இறந்தது என்பதைப் பாருங்கள் என்பேன். எங்கள் குட்டியைக் கொண்டுபோனது பூனைப் பார்வோ என்ற தொற்று வைரஸ். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். சாதாரணச் சோப்பு அதைக் கொல்லாது. ஃபினாயில் போட்டுக் கழுவுவது நம் வீடுகளில் வழக்கம், ஆனால் அது பூனைக்கே நஞ்சு. தரையை முதலில் கழுவிவிட்டு, துணி வெளுக்கும் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசினோம். உயிரோடு இருந்த பூனை அதுவரை வேறு அறையில் இருந்தது. துணி, மணல் தட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். இப்படி இறந்த வீட்டில் வாசனைக்காகத் துணியை வைத்திருக்கவே கூடாது. எஞ்சிய பூனையை இரண்டு வாரமாவது காய்ச்சல், வாந்தி, சோர்வு வருகிறதா என்று கண்காணியுங்கள். தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டியை அந்த வீட்டுக்குள் விடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போட்டு முடித்திருக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து:

சென்னைச் சகோதரிக்கு. சிறுநீரக நோய் தொற்றுவதில்லை, ஆகவே அந்தத் தடை உங்களுக்கு இல்லை. முத்து இயல்பாக உண்டு, மணல் தட்டில் சிரமமில்லாமல் போகத் தொடங்கிச் சில வாரங்களாவது ஆன பின்பு யோசியுங்கள். அழற்சி ஆறிய கையோடு அறிமுகமில்லாத பூனையைக் கொண்டுவந்தால் அதுவே புதிய அழுத்தமாகி நோய் திரும்பும். நாங்கள் கொண்டுவந்ததைத் தனி அறையில் வைத்து, இரண்டின் துணிகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, மூடிய கதவின் இருபுறமும் உணவு வைத்து, சீறல் நின்ற பிறகே கதவைத் திறந்தோம். இன்றுவரை அவை ஒன்றையொன்று நக்கிக்கொள்வதில்லை, சண்டையும் இல்லை. பழைய பாசம் திரும்பும் என்று எதிர்பார்த்துக் கொண்டுவராதீர்கள். கொண்டுவருவதானால் முத்துவின் வயதை ஒட்டிய, விளையாட்டுக் குணமுள்ள பூனையாகப் பாருங்கள். மூத்த பூனையென்றால் அது முத்துவின் துரத்தலைத் தாங்காது. மனிதரின் துணையே அதற்குப் போதும் என்று தெரிந்தால், ஒற்றையாகவே இருக்கட்டும்.