கெண்டித் தீவைத் தாண்டிப் போக எத்தனை அடிப் படகு வேண்டும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பத்து மாவுங் வாசி:
பினாங்குக்கு அருகிலுள்ள கெண்டித் தீவில் மாலைவரை தூண்டில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நண்பரின் 19 அடிப் படகு, ஒற்றை எஞ்சின், ஐந்து பேர். பனிக்கட்டிப் பெட்டிகள் எல்லாம் பின்பக்கம். தென்மேற்குக் காற்று வலுத்து, அலை பின்னாலிருந்து துரத்தத் தொடங்கியது. தளத்தில் விழும் நீர் வடிவதற்காகப் பின்சுவரில் துளைகள் இருக்குமல்லவா? அந்தத் துளைகள் வழியாகவே கடல் உள்ளே ஏறியது. இறால் இரை வைத்திருந்த டப்பா மிதந்துவந்து என் கணுக்காலில் முட்டியது. யாரும் வாய் திறக்கவில்லை. நண்பர் மூன்று பேரை முன்னால் போய் உட்காரச் சொன்னார். பின்பக்கம் நிமிர்ந்ததும் நீர் வடிந்தது. கரை சேர்ந்துவிட்டோம், ஆனால் அந்த டப்பா முட்டியதை இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது நானே ஒரு படகு வாங்கப் போகிறேன். லங்காவிவரை போய்வர ஆசை. 22 அடியா, 26 அடியா என்று மனம் ஊசலாடுகிறது. பட்டவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் தூண்டில்காரன்:
தம்பி, தயங்காமல் 26 அடிக்குப் போய்விடுங்கள். பாயார் தீவுப் பக்கம் விடியற்காலையில் சுமாத்ரா காற்றில், அதாவது மேற்கிலிருந்து திடீரென மழையோடு வரும் சூறைக்காற்றில், சிக்கியவன் சொல்கிறேன். மேற்கே அடிவானத்தில் கோடு போட்டதுபோல் ஒரு கருமேகம். நங்கூரத்தைத் தூக்கி முடிப்பதற்குள் மழை முகத்தில் அறைந்தது. அந்தக் காற்று 40 நாட் வேகத்தை, அதாவது மணிக்கு 40 கடல் மைலை, தாண்டும் என்று கேட்டிருப்பீர்கள். நேரில் அனுபவிப்பது வேறு. படகின் முனையைக் காற்றுக்கு நேராக வைத்துக்கொண்டு, முன்னேறாமலும் பின்வாங்காமலும் எஞ்சினை அளவாக ஓட்டினேன். ஒவ்வோர் அலையின் உச்சியிலும் விசிறி நீரைவிட்டு வெளியே வந்து அலறும். நான் வேகத்தைக் குறைப்பேன். முனை கீழே இறங்கும். மறுபடியும் வேகம் கூட்டுவேன். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டது. 26 அடி நீளமும், முன்பக்கம் உயர்ந்த சுவரும், இரண்டு எஞ்சினும் இருந்ததால்தான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 19 அடியாக இருந்திருந்தால் என் வீட்டில் படம் மாட்டியிருப்பார்கள்.

ஜெலுத்தோங் மெக்கானிக்:
மேலே எழுதிய அண்ணன் கோபிக்கக் கூடாது. நீளம்தான் காப்பாற்றியது என்பதை நான் ஏற்கமாட்டேன். மலாக்கா நீரிணையின் அலை பெருங்கடல் அலைபோல நீண்டு வருவதில்லை. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி வரும். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் போனால் இன்னும் மோசம். இந்த அலையில் அடிப்பகுதி தட்டையான 28 அடிப் படகைவிட, ஆழமான வி வடிவம் கொண்ட 23 அடிப் படகு நன்றாக ஓடும். அடிப்பகுதி கிடைமட்டத்திலிருந்து மேலேறும் கோணம் பின்சுவர்வரைக்கும் 20 பாகைக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நின்றிருக்கும்போது அது சற்று உருளும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் முதுகெலும்பு மிஞ்சும்.

என் மைத்துனர் 36 அடியில் ஒன்று வாங்கினார். தஞ்சோங் தோக்கோங் பக்கம் நிறுத்துமிடத்துக்குள் நுழையும்போது குறுக்குக் காற்று அடித்தது. அத்தனை உயரமான படகு பாய் விரித்ததுபோல் பக்கவாட்டில் நகர்ந்தது. நான் ஒரு கையில் கயிறும் மறு கையில் காற்றடைத்த தடுப்பு உருளையுமாக ஓடினேன். அதற்குள் பக்கத்துப் படகின் கம்பி வேலி வளைந்துவிட்டது. அன்றிலிருந்து துணைக்கு ஆள் கிடைக்காமல் அவர் கடலுக்குப் போவதே இல்லை. தனியாகக் கட்ட முடியாத படகு உங்களுக்குப் பெரிய படகு. இதை விற்பனையாளர் யாரும் சொல்வதில்லை.

தெலுக் பஹாங் பெரியவர்:
முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு வெளியே எரிபொருள் தீர்ந்து மிதந்த ஒரு படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். அதில் ஒரு சிறுமி, தன்னைவிடப் பெரிய உயிர்காப்பு அங்கிக்குள் முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள். கரை வரும்வரை அவள் கண் கயிற்றைவிட்டு அகலவில்லை.

ஆகவே தம்பி, அடிக்கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் லிட்டர் கணக்கைப் போடுங்கள். பினாங்கிலிருந்து லங்காவி ஏறத்தாழ 60 கடல் மைல். 20 நாட் வேகத்தில் மூன்று மணி நேரம். 150 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு சேர்ந்து நிதான ஓட்டத்தில் மணிக்கு 60 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். போக 180, வர 180. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருப்பு என்பது கடலோடிகளின் பழைய கணக்கு. ஆக, 540 லிட்டர். லங்காவியில் நிரப்பிக்கொள்ளலாம் என்பீர்கள். நிரப்பும் இடம் மூடியிருந்தால்? 540 லிட்டர் பெட்ரோலின் எடை மட்டும் ஏறக்குறைய 400 கிலோ. அதைச் சுமந்துகொண்டும் பின்பக்கம் அமிழாமல் மிதக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டாலே 22 அடி தானாகக் கழன்றுவிடும். கெண்டித் தீவோடு நிறுத்திக்கொள்வதானால் 22 அடியே போதும்.

வி.எச்.எப். வானொலியை நிலையாகப் பொருத்துங்கள், கையடக்கக் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையைத் திறந்தே வையுங்கள். கைப்பேசி பாதி வழியில் ஊமையாகிவிடும். புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். பின்சுவர் எஞ்சினுக்காகத் தாழ வெட்டப்பட்ட பழைய படகை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள்.

பட்டர்வொர்த் தூண்டில்காரன்:
மெக்கானிக் தம்பிக்கு: வடிவம் முக்கியம் என்பதை நான் எங்கே மறுத்தேன்? 1960இல் மயாமி–நசாவ் பந்தயத்தில் ரே ஹண்ட் வடிவமைத்த ‘மோப்பி’ வென்ற கதை எனக்கும் தெரியும். ஆழமான வி வடிவத்துக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்ததே அந்த ஓட்டம்தான். ஆனால் ‘மோப்பி’யும் 30 அடி அளவுப் படகு என்பதை மறந்துவிடாதீர்கள். 18 அடியில் அதே கோணத்தை வெட்டி வைத்தால் அந்தக் கடலில் அதே ஓட்டம் வராது. வடிவம் அலையைப் பிளக்கும், நீளம் அடுத்த அலையின்மேல் படகைத் தாங்கும். இரண்டும் வேண்டும்.

கூலிம் நண்பன்:
சண்டைக்கு நடுவில் ஒரு சிறு செய்தி. நான் பழைய 24 அடிப் படகொன்றைப் பார்க்கப் போனேன். ஐரோப்பியத் தயாரிப்பு. ஓட்டுமிடத்தில் இருந்த தகட்டை உரிமையாளர் துண்டால் துடைத்துக் காட்டினார். அதில் ‘பி’ வகை என்றால் ஆறு பேர், ‘சி’ வகை என்றால் எட்டுப் பேர் என்று பொறித்திருந்தது. ‘சி’ என்பது கரையோரம், அலை 2 மீட்டர்வரை. ‘பி’ என்பது கரைவிட்ட கடல், அலை 4 மீட்டர்வரை. ஒரே படகுதான், ஆள் கூடினால் அதன் கடல் சுருங்கிவிடுகிறது. பத்து மாவுங் நண்பரே, அந்த 19 அடிப் படகில் தகடு இருந்தால் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்ல முடியுமா?

பத்து மாவுங் வாசி:
நண்பரிடம் கேட்டேன். ‘சி’ வகை, நான்கு பேர். சனிக்கிழமை 26 அடிப் படகொன்றைப் பார்க்கப் போகிறேன். தண்ணீர்த் தொட்டி, எரிபொருள் தொட்டி இரண்டையும் நிரப்பி, ஆறு பேரைப் பின்பக்கம் நிறுத்தி, அந்தத் துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று பார்க்க உரிமையாளர் சம்மதித்துவிட்டார். பினாங்கில் இருப்பவர்கள் யாராவது ஆறில் ஒருவராக வர முடியுமா?