221 பகா எண்ணா? எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்?

கீழக்கரை டியூஷன்:
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 2, 3, 5, 7 நான்காலும் வகுத்துப் பார்த்துவிட்டு 221, 391 இரண்டையும் பகா எண் என்று எழுதிவிடுகிறார்கள். எதுவரை வகுத்தால் போதும் என்பதை எப்படிப் புரியவைப்பது? 7-க்கு மனக்கணக்காகப் பார்க்க வழி உண்டா?

தொண்டி கணக்கு வாத்தியார்:
டீச்சர், இந்தத் தப்பு பெரும்பாலும் எரட்டோஸ்தனிஸ் சல்லடையில்தான் (ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துவிட்டு, மிஞ்சுவதைப் பகா எண்ணாக எடுக்கும் முறை) பிறக்கிறது. 1 முதல் 100 வரை கட்டம் போட்டு அடிக்கும்போது 7-இன் மடங்குகளோடு வேலை முடிந்துவிடும். அடுத்த பகா எண் 11; 11 × 11 = 121, நூறைத் தாண்டிவிட்டது. ஆக 7 என்பது நூறுக்கு உரிய எல்லை. பிள்ளைகள் அதையே எல்லா எண்ணுக்கும் வைத்துக்கொள்கிறார்கள்.

வகுக்கப்போகும் பகா எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விடை, கேட்ட எண்ணைத் தாண்டினால் நிறுத்திவிடலாம். 221-க்கு 13 × 13 = 169, தாண்டவில்லை; 17 × 17 = 289, தாண்டிவிட்டது. அதனால் 13 வரை பார்த்தே ஆகவேண்டும். பார்த்தால் 221 = 13 × 17. அதேபோல் 391-க்கு 19 வரை; அது 17 × 23.

காரணத்தையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோகும். காரணிகள் ஜோடியாகத்தான் வரும். ஜோடியில் இரண்டுமே 17 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கல் 289-க்குக் குறையாது. எனவே 221-இன் ஜோடியில் ஒன்றாவது 17-க்குக் கீழே சிக்கிவிடும்.

நூறுக்குள் இன்னொரு வசதி: 2, 3, 5 மூன்றின் மடங்குகளையும் கழித்தபின் மிஞ்சும் பகு எண்கள் 49, 77, 91 மட்டும்தான். 91-இல்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பாம்பன்காரன்:
7-க்கு: கடைசி இலக்கத்தை இரட்டித்து, மற்றதிலிருந்து கழியுங்கள். 623 என்றால் 62 − 6 = 56. அது 7-இன் மடங்கு, எனவே 623-உம் 7-ஆல் வகுபடும். நம் கரையோர ஊர்களின் பின்கோடு 623-இல்தானே தொடங்குகிறது? அதனால் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் சோதித்தால் போதும். ராமேஸ்வரம் 623526: 52 − 12 = 40, வகுபடாது.

எண்ணை 10அ + ஆ என்று வைத்தால், (அ − 2ஆ)-வைப் பத்தால் பெருக்க வருவது அந்த எண்ணிலிருந்து 21ஆ கழித்ததுதான். 21 ஏழின் மடங்கு. விதி நிற்பது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை: வகுபடுமா என்பதை மட்டுமே இது சொல்லும், மீதியைச் சொல்லாது. 526-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. 40-ஐ வகுத்தால் 5.

மண்டபம் அக்கா:
விதிகளைச் சேர்க்கும் இடத்திலும் சறுக்குவார்கள். ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள். இலக்கங்களின் கூடுதல் 6, எனவே 3-ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 12, எனவே 4-ஆலும். 3, 4 இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. ஆகவே 12-ஆலும் வகுபடும். இதே எண் 4, 6 இரண்டாலும் வகுபடுகிறது, ஆனால் 24-ஆல் வகுபடாது. 2 இரண்டிலும் பொதுவாக இருக்கிறது.

கீழக்கரை டியூஷன்:
நன்றி அக்கா. 1 ஏன் பகா எண் இல்லை என்றும் கேட்கிறார்கள்.

மண்டபம் அக்கா:
அதே 1212-ஐக் காட்டுங்கள். பகாக் காரணிகளாக எழுத ஒரே வழி, 2 × 2 × 3 × 101. வரிசையை மாற்றலாம், அவ்வளவுதான். 1-ஐயும் பகா எண் என்றால் 1 × 2 × 2 × 3 × 101, 1 × 1 × 2 × 2 × 3 × 101 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். அதனால் 1 பகாவும் இல்லை, பகுவும் இல்லை.