ஹைப்ரிட் காரின் சிவிடியும் பெட்ரோல் காரின் சிவிடியும் ஒன்றுதானா?

கியூர்பிப்வாசி:
அனைவருக்கும் வணக்கம். இதுவரை மேனுவல் கியர் காரையே ஓட்டிவந்த நான், ஜப்பானிலிருந்து மொரீஷியசுக்கு வரும் ரீகண்டிஷன் கார்களில் ஒரு செடான் வாங்க எண்ணியிருக்கிறேன். டொயோட்டா ஆக்ஸியோ பெட்ரோல், ஆக்ஸியோ ஹைப்ரிட், ஹோண்டா கிரேஸ் ஹைப்ரிட் ஆகிய மூன்றையும் பார்த்துவைத்திருக்கிறேன். நாள்தோறும் மாலையில் போர்ட் லூயியிலிருந்து, ஊர்ந்து நகரும் வாகன வரிசையில், ஏறத்தாழ 550 மீட்டர் உயரம் ஏறி வீடு திரும்ப வேண்டும். பெட்ரோல் ஆக்ஸியோவை ஓட்டிப் பார்த்தபோது, மேட்டில் எஞ்சின் இரைந்த அளவுக்கு வேகம் கூடவில்லை. இரண்டு ஆக்ஸியோக்களிலும் சிவிடி, அதாவது கியர் படிகள் இல்லாத தானியங்கி கியர்பெட்டிதான் என்கிறார் விற்பவர். அதிலுள்ள பெல்ட் போனால் பெருஞ்செலவாகும் என்பதால் தயங்குகிறேன்.

ரோஸ் ஹில் மெக்கானிக்:
ஐயா, பெயர் மட்டுமே ஒன்று. பெட்ரோல் ஆக்ஸியோவில் இரண்டு கப்பிகளுக்கு இடையே எஃகு பெல்ட் ஓடுகிறது. கப்பிகள் விரிந்து சுருங்கும்போது பெல்ட் சுற்றும் வட்டம் சிறுத்தும் பெருத்தும் போவதால், கியர் மாறாமலே எஞ்சினுக்கும் சக்கரத்துக்குமான சுழற்சி விகிதம் மாறுகிறது. நீங்கள் கேட்ட இரைச்சல் பழுதன்று. ஏற்றத்துக்கு வேண்டிய சுழற்சியிலேயே எஞ்சினைச் சீராக ஓடவிட்டு விகிதத்தை மட்டும் மாற்றுவது அதன் இயல்பு.

ஹைப்ரிட் ஆக்ஸியோவில் அந்தப் பெல்ட்டே கிடையாது. எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரே பற்சக்கரத் தொகுதியில் எப்போதும் கோத்தபடி இருக்க, ஒரு மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதாலேயே விகிதம் மாறுகிறது. ரிவர்ஸ் எடுப்பதும் மோட்டாரை எதிர்த்திசையில் சுழற்றித்தான். 1997இல் வந்த முதல் பிரியஸ் காரிலிருந்தே இதன் அடிப்படை இதுதான். உங்கள் பாதைக்கு நான் இதையே சொல்வேன். பெட்ரோல் வகையை எடுத்தால், நிறுவனம் குறிப்பிட்ட சிவிடி ஆயிலை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். பழைய உரிமையாளர் மாற்றினாரா என்று நமக்குத் தெரியாது.

கிரேஸ் ஓட்டுநர்:
கிரேஸ் ஹைப்ரிட்டில் இருப்பது சிவிடி அன்று, ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பெட்டி. வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் அது கியர் மாற்றும் அழகு மேனுவல் ஓட்டிப் பழகிய உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். பேட்டரியில் மின்சாரம் உள்ளவரை மோட்டாரே வண்டியை நகர்த்துவதால் கிளட்சுக்கு வேலையில்லை. நீண்ட ஏற்றத்தில் அந்த மின்சாரம் குறைந்தபின், அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் வழுக்கிச் சூடேறும். அதனால் நான் முன்வண்டிக்குச் சற்று இடைவெளி விட்டு, ஒரே மூச்சில் நகர்ந்து நிறுத்துகிறேன். மேட்டில் ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தவே கூடாது, பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும்.

கியூர்பிப்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் ஹைப்ரிட் ஆக்ஸியோவையே எடுக்கிறேன். அதன் கியர் லீவரில் 'பி' என்று ஒலிக்கும் இரண்டு எழுத்துகள் (P, B) உள்ளனவே, அவை எதற்கு?

ரோஸ் ஹில் மெக்கானிக்:
P என்பது பார்க்கிங், B என்பது சரிவில் எஞ்சினையும் சுழலவைத்து வண்டியை இழுத்துப் பிடிப்பதற்கு. ஷமரேலிலிருந்து கடற்கரைக்கு இறங்குவது போன்ற செங்குத்தான சாலையில், பேட்டரி நிரம்பிவிட்டால் அது கைகொடுக்கும். மற்ற நேரங்களில் வழக்கமாக ஓட்டும் 'டி' (D) நிலையிலேயே இறங்குங்கள். அப்போதுதான் பிரேக் பிடிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்பும்.